சனிக்கிழமை வகுப்புத் தோழர்

கணக்கு டீச்சர் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தபோது, இரண்டாவது வரிசையில் அவளுடைய பள்ளியின் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார்.

பல்கலைக்கழகம் வெகுதூரம். வேலையை விட்டுவிட்டு அங்கே போய்ப் படிக்க முடியாத ஆசிரியர்களுக்காக, சனிக்கிழமைதோறும் ஒரு பேராசிரியை பஸ் பிடித்து இந்த ஊருக்கு வந்து, பொது நூலகத்தின் மாடியறையில் கல்வியியல் முதுகலை வகுப்பு எடுத்தார். விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க அவள் போயிருந்தபோது, தலைமையாசிரியர் நன்றாகப் படிக்கும்படி வாழ்த்தியதோடு சரி. தானும் சேர்ந்திருப்பதாக மூச்சு விடவில்லை.

பாலைக் குடித்துவிட்டு மாட்டிக்கொண்ட பூனையைப் போல அவர் சிரித்தார்.

"ஸ்கூல்ல சொல்லிடாதீங்க டீச்சர். ஒரு தடவை சேர்ந்து பாதியில விட்டவன் நான். மறுபடியும் விட்டா சிரிப்பாங்க."

அவள் சொல்லவில்லை. ஆனால் பழக்கம் விடுமா? அவர் அறைக்குள் நுழையும்போதெல்லாம் எழுந்து நின்றாள். வாரத்தில் ஐந்து நாள் நின்றது போதும், சனிக்கிழமை ஒருநாளாவது உட்கார்ந்திருங்கள் என்று பேராசிரியை சொன்னதும் வகுப்பே சிரித்தது. போகப்போக இருவரும் குறிப்புகளை மாற்றிக்கொண்டார்கள். புரியாத இடங்களில் அவர் தயங்காமல் அவளிடம் கேட்டார். திங்கட்கிழமை ஆனதும் அவர் மேசைக்குப் பின்னால், அவள் மேசைக்கு முன்னால்.

இரண்டாம் பருவத்தில் வந்தது வினை. ஒருவர் பாடம் நடத்துவதை இன்னொருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து அறிக்கை எழுத வேண்டும். ஒரே பள்ளி என்பதால் இவர்கள் இருவரும் ஜோடி. முதலில் அவர் அவளுடைய வகுப்பைப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுதினார். கல்யாண வாழ்த்து மடல் மாதிரி இருக்கிறது, குறை ஒன்றுகூடவா கண்ணில் படவில்லை என்று கேட்டுப் பேராசிரியை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து அவளுடைய முறை. தலைமையாசிரியர் ஒரு காலத்தில் அறிவியல் ஆசிரியர். பதவி உயர்வுக்குப் பிறகு சாக்பீஸைத் தொட்டதில்லை. அன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏழாம் வகுப்புக்குள் வந்தார். நனைத்த கைக்குட்டைகளில் ஒன்றை வெயிலிலும் இன்னொன்றை நிழலிலும் காலையிலேயே காயப்போட்டிருந்தார். தண்ணீர் எங்கே போயிற்று என்று பிள்ளைகளைக் கேட்டார். கேட்ட வாய் மூடுவதற்குள், வெயில் சூட்டில் ஆவியாகிவிட்டது என்று தானே சொல்லிவிட்டார். அடுத்த கேள்விக்கும் அதே கதி. கேள்வியும் அவரே, பதிலும் அவரே. ஜன்னலோரம் இருந்த சிறுமி கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தாள். அவர் பார்க்கவில்லை. மணி அடித்தபோது முகமெல்லாம் மலர்ந்திருந்தார்.

வீட்டில், மருந்துக்கடை வைத்திருக்கும் கணவரிடம் அவள் புலம்பினாள்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே. நல்லா இருந்துதுன்னு நாலு வரி எழுதிட்டு வா" என்றார் அவர்.

நாலு வரி எழுதிப் பார்த்தாள். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. தலைமையாசிரியருக்குத் தெரியாமல் எழுதிக் கொடுப்பதைவிட நேரிலேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் இடைவேளையில் அவருடைய அறைக்குப் போனாள். வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"சார், நீங்க ஒரு கேள்விக்குக்கூட பசங்களைப் பதில் சொல்ல விடலை."

அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். அவள் ஜன்னலோரச் சிறுமியைப் பற்றியும் சேர்த்துச் சொல்லி முடித்தாள்.

"அந்தப் பொண்ணு என்ன கேட்க வந்தா?" என்றார் அவர்.

"நான் விசாரிச்சேன் சார். நிழல்ல இருந்த துணியும்தானே காஞ்சுது, அங்க வெயில் எங்கேன்னு கேட்க நினைச்சாளாம்."

தலைமையாசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். முதலில் உதடு மட்டும் சிரித்தது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நல்ல கேள்வியை நானே முழுங்கிட்டேனே. இன்னொரு தடவை எடுக்கிறேன். வந்து உட்காருங்க டீச்சர்."

இரண்டாம் முறை அவர் அந்தச் சிறுமியின் கேள்வியோடுதான் தொடங்கினார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஐயா பாடத்தை மறந்துவிட்டார் என்று நினைத்த பிள்ளைகள், உதவிக்குக் கடைசி பெஞ்சிலிருந்த டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைகளைப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்ற நிலையைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

முன்வரிசையிலிருந்து காற்று என்றது ஒரு குரல். காயவே இல்லை, தண்ணீர் சொட்டிப் போயிருக்கும் என்றது இன்னொன்று. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சொட்டியதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். கைக்குட்டையை மறுபடி நனைத்துத் தொங்கவிட்டு, கீழே தட்டு வைக்கலாம் என்றார்கள். வைத்தார்கள். ஜன்னலோரச் சிறுமி இம்முறை எழுந்தே நின்றாள்.

"சார், நிழல்லயும் காத்துல கொஞ்சம் சூடு இருக்கும்ல? அதான் மெதுவா காயுதா?"

மணி அடித்ததும் வழக்கமாகப் பையைத் தூக்கும் பிள்ளைகள் தட்டைச் சுற்றி நின்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு வகுப்புகளையும் அருகருகே வைத்து அவள் அறிக்கை எழுதினாள். பேராசிரியை அதை நூலக மாடியில் வாசித்தபோது பாடம் நடத்திய ஆசிரியரின் பெயரைச் சொல்லவில்லை. தலைமையாசிரியரே எழுந்து, அந்த ஆள் தான்தான் என்று சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அதன்பின் ஏழாம் வகுப்பின் அறிவியல் பாடவேளை ஒன்றை அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டார். கையெழுத்துக்காகக் கோப்புகளோடு வந்த எழுத்தர் வகுப்பு வாசலில் காத்து நின்று, இவர் பாடம் எடுக்கத் தொடங்கியதிலிருந்து அலுவலகம் நடுத்தெருவில் நிற்கிறது என்று முணுமுணுத்தார்.

இறுதித் தேர்வில் இருவரும் தேறினார்கள். ஆசிரியர் அறைக்கு வந்து அந்தச் செய்தியைச் சொன்னவர் தலைமையாசிரியர்தான். தானும் படித்ததாகவும், பாதியில் விடவில்லை என்றும், கணக்கு டீச்சர் தன்னைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கியிருப்பதாகவும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அடுத்த சேர்க்கை எப்போது என்று வரலாற்று ஆசிரியை கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்த தலைமையாசிரியர், டீச்சரே சொல்லட்டும் என்று நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்களோடு உட்கார்ந்தார். அவள் எழுந்திருக்காமலே சொல்லத் தொடங்கினாள்.