கரையில் ஒரு ஆள்

ஆற்றுப் பயண அனுமதிப் படிவத்தில் இருபது கேள்விகள். பத்தொன்பதுக்கு மளமளவென்று எழுதிவிட்டார் கப்பல்காரர். படகின் நீளம் பதினெட்டு அடி. அகலம் நாலரை. பிளைவுட்டின் மேல் ஃபைபர் பூச்சு. பயணம் இருபத்தேழு நாள், ஆறு கடலில் சேரும் இடம்வரை, தனியாக. எரிபொருள் என்ற இடத்தில் 'வெயில்' என்று எழுதிவிட்டு, நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று அடித்து, 'சூரிய மின்சாரம்' என்று திருத்தினார். இருபதாவது கேள்வியில்தான் பேனா சண்டித்தனம் பண்ணியது. பயணியிடமிருந்து தினமும் சேதி பெற்று, சேதி வராத நாளில் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டிய நபர்: பெயர், தொலைபேசி எண்.

"அதைக் காலியா விட்டா வாங்க மாட்டேன் சார்," என்றாள் படகுத்துறை அலுவலகப் பெண். "ஆத்துல போறவருக்குக் கரையில ஒரு ஆள் இருக்கணும். மத்ததெல்லாம்கூட அப்புறம் பாத்துக்கலாம்."

"நாளைக்கு எழுதிக் கொண்டுவரேம்மா."

"சீக்கிரம் வாங்க. ஆத்துல தண்ணி இன்னும் ஒரு மாசந்தான். அப்புறம் உங்க கப்பலைத் தோள்ல தூக்கிட்டுத்தான் போகணும்."

கப்பல்காரர் என்பது தெரு வைத்த பேர். அதற்கு முன்னால் அவருக்குத் தெருவில் பேரே இல்லை. லிஃப்ட் மெக்கானிக். முப்பத்திரண்டு வருஷம் அடுக்குமாடிக் கட்டடங்களின் அடிப்பள்ளத்தில் நின்று, அண்ணாந்து இருட்டைப் பார்த்த மனிதர். மேலே, கீழே, மேலே, கீழே. பக்கவாட்டில் ஒரு அடி போனதில்லை. ஓய்வுபெற்ற மறுவாரமே வாடகை வீட்டின் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் பலகையை அறுக்க ஆரம்பித்துவிட்டார். கூரையாக நாலு சோலார் பலகைகள். உட்காரும் பெட்டிக்கடியில் பேட்டரிகள். மூன்று வருஷம். ஒண்டிக்கட்டைக்கு நேரத்துக்கா பஞ்சம்?

ஒரு விஷயத்தில் மட்டும் தெரு அவரைப் பார்த்துச் சிரித்தது. ஒவ்வொரு முறை மெயின் சுவிட்சைப் போடும் முன்பும், ஆளில்லாத கொட்டகையில் "கை?" என்று சத்தமாகக் கேட்பார். கொஞ்சம் நிற்பார். பிறகுதான் போடுவார். மேல்மாடி காலி என்று பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கென்ன தெரியும், மேல்மாடியில் இருந்தவனைக் கேட்டுத்தான் அந்தக் குரல் என்று!

லிஃப்ட் வேலையில் ஆள் இரண்டு. ஒருவன் பள்ளத்தில், ஒருவன் உச்சியில், மோட்டார் அறையில். இவரைக் கூட்டாளி 'பள்ளம்' என்பான். இவர் அவனை 'மேல்மாடி' என்பார். கரண்ட் கொடுக்கும் முன் கீழிருந்து "கை?" என்று கத்தவேண்டும். மேலிருப்பவன் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு "எடுத்தாச்சு!" என்பான். பதினாலு மாடி இறங்கி அந்தக் குரல் வர இரண்டு மூச்சு ஆகும். இருபத்தொரு வருஷம் அந்த இரண்டு மூச்சுக்கு அவர் காத்திருந்தார். ஒரே ஒரு நாள், வாசலில் ஜனம் கூடி மேனேஜர் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு நின்ற அன்று, காத்திருக்கவில்லை. பதில் வந்திருக்கும் என்று அவராகவே எடுத்துக்கொண்டு கரண்டைக் கொடுத்துவிட்டார். மேல்மாடியின் வலதுகையில் இரண்டு விரல் போயிற்று.

விசாரணையில் கூட்டாளி ஒரே வரிதான் சொன்னான்: "நான் எடுத்தாச்சுன்னு சொல்லிட்டுத்தான் கைய வச்சேன். தப்பு என்னுது." இவர் வேலை பிழைத்தது, அவன் வேலை போயிற்று. அவன் சொன்னது பொய்யென்று அந்த அறையில் தெரிந்த இன்னொரு ஆள் இவர்தான்; வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவனைப் போய்ப் பார்க்க எந்த முகத்தோடு போவது? இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

அன்று மாலை வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுப்பார்த்தார். "ஐயையோ, எனக்கெதுக்கு இந்த வம்பு! நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ் என் வாசல்லல்ல வந்து நிக்கும்?" என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டே சொன்னாள். வெளியூரில் இருக்கும் அக்காவுக்குக் காது அடியோடு கேட்காது, போனை எடுத்து, யாராக இருந்தாலும் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அறுபத்தொரு வருஷம் வாழ்ந்தாயிற்று, மூன்றாவது ஆள் நினைவுக்கு வரவில்லை. அது அவருக்கு வலித்தது. மேஜைமேல் படிவத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மனப்பாடமாக இருந்த ஒரு எண்ணை எழுதினார்.

"அவரு சம்மதிக்கணும். கேட்டுடறேன்," என்று மறுநாள் அந்தப் பெண் அவர் எதிரிலேயே போனை ஸ்பீக்கரில் போட்டாள். இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"யாரு?"

அவள் விவரம் சொன்னாள். அந்தப் பக்கம் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"பள்ளமா?" என்றது குரல்.

அவள் புரியாமல் நிமிர்ந்தாள். இவர் தலையாட்டினார். "ஆமாங்க, அவருதான் போலிருக்கு. பக்கத்துலதான் இருக்கார், குடுக்கட்டுமா?"

"வேணாம்." வெடுக்கென்று வந்தது. பிறகு, "தனியாவா போறான்?"

"தனியாத்தான்."

"சரி, பேரை எழுதிக்குங்க. பேச்செல்லாம் வேணாம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மிஸ்டு கால். ரெண்டு ரிங்குல கட் பண்ணிடணும். வரலைன்னா உங்களுக்குச் சொல்றேன். அவ்வளவுதான்."

அவள் முத்திரை குத்தினாள். "என்ன சார், சண்டையா?"

"சண்டை போட்டிருந்தா தேவலையேம்மா," என்றார் கப்பல்காரர்.

நாலு சுமை தூக்குபவர்கள் அன்று மாலையே படகைத் தண்ணீரில் இறக்கிக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். விடிந்தால் பயணம். கொட்டகையில் எத்தனை தடவை ஓட்டிப்பார்த்திருந்தாலும் தண்ணீரில் மோட்டாரைப் போடுவது இதுதான் முதல் முறை. கூரைக்கடியில் உட்கார்ந்து சுவிட்சில் கை வைத்தார். மணியைப் பார்த்தார். ஆறு. இன்றிலிருந்தே ஆரம்பித்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரு ரிங். இரண்டாவது ரிங். கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அழுத்த மனம் வரவில்லை. மூன்று. நாலு.

எடுக்கப்பட்டது. ஹலோ இல்லை. டி.வி. சத்தம் கேட்டது, யாரோ அதை அணைத்தார்கள். பிறகு மூச்சுச் சத்தம்.

சொல்ல பதினோரு வருஷமாக எத்தனையோ சேர்த்துவைத்திருந்தார். வாயில் வந்தது ஒரே சொல்தான்.

"கை?"

கேட்டுவிட்டு, சுவிட்சிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு போயிற்று. அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. எதிர்க்கரை மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்க, வெயில் மின்சாரத்தைக் காட்டும் மீட்டரில் எண் நாற்பதிலிருந்து இருபத்திரண்டாகி, ஒன்பதாகிக்கொண்டிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்து, பார்க்க ஆளில்லாத அந்த ஆற்றில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தூக்கிப் பிடித்தார். கட்டிய கயிறு நீண்டமட்டும் படகு மெல்லத் திரும்பியது. அவர் காத்திருந்தார்.