கால் சுற்று

பதினோராவது வட்டையும் சிவப்புத் தட்டில் வைத்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. விளிம்பு தேய்க்கிறவர்கள் காலையிலேயே தூங்கி வழிகிறார்கள் என்று நினைத்தேன். கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுழல்கிற கண்ணாடி வட்டுகள் அவை. உள்ளங்கை அகலம், நடுவில் ஓட்டை. இருட்டறையில் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றின் விளிம்பிலும் பக்கவாட்டில் விளக்கடித்துப் பார்ப்பது என் வேலை. நல்ல விளிம்பு கறுப்பாகவே இருக்கும். சில்லு பெயர்ந்திருந்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று மின்னும். அன்று பதினொன்றும் மின்னின. அதுவும் ஒரே இடத்தில், வலது ஓரத்தில்.

சூப்பர்வைசர் பெண் கதவைத் தட்டிவிட்டு வந்தாள். என் மகள் வயதுதான். ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். சிவப்புத் தட்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்க எடுத்துப்போனவள் கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டாள்.

"பதினொண்ணுமே நல்லாத்தான் இருக்குண்ணே. திருப்பிப் பாத்தீங்களா?"

சுருக்கென்றது. மின்னினால் வட்டைக் கால் சுற்று திருப்ப வேண்டும். மின்னலும் கூடவே நகர்ந்தால் குறை வட்டில். நகராமல் நின்றால் விளக்கில் தூசி. பத்தொன்பது வருஷமாகக் கை தானாகச் செய்கிற காரியம். கோபத்தில் விட்டுவிட்டேன்.

"விளக்குல தூசிம்மா. இதோ தொடச்சிடறேன்."

அவள் போனதும் துடைத்தேன். ஒரு வட்டை வைத்துத் திருப்பினேன். மின்னல் அசையவில்லை. மறுபடி துடைத்தேன். சனியன், அப்படியே நின்றது. இடது கண்ணை மூடினேன், காணோம். திறந்தேன், வந்துவிட்டது.

கண் போனால் இங்கே வேலை போச்சு. வேலை போனால் காலையில் குளித்துவிட்டுக் கிளம்பிப் போக எனக்கு வேறு இடம் கிடையாது. மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. இருந்திருந்தால், நான் பல் துலக்கிவிட்டு நிமிர்வதற்குள் கண்டுபிடித்திருப்பாள். மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். "நல்லா இருக்கீங்களாப்பா?" "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்." அத்தோடு சரி. குரலை வைத்துக் கண்ணில் இருப்பதை யாரால் சொல்ல முடியும்?

யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒற்றைக் கண்ணால் பார்த்தால் தலை வலித்தது. வலது ஓரத்தில் மின்னுவது என் சொந்தச் சரக்கு, கண்டுகொள்ளாமல் விட்டால் போயிற்று. விறுவிறுவென்று பச்சைத் தட்டில் நாற்பது வட்டு ஏறிவிட்டது. நாற்பத்தொன்றை விளக்கடியிலிருந்து எடுக்கும்போது கை லேசாகத் திரும்பியது. மின்னல் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று வட்டோடு நகர்ந்தது. இன்னொன்று வலது ஓரத்திலேயே நின்றது.

சில்லு பெயர்ந்த வட்டு சுழலச் சுழல ஒரு நாள் சிதறிவிடும். அந்த நாற்பதில் எத்தனை என் மின்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போயிற்றோ. பச்சைத் தட்டை அப்படியே தூக்கித் தனியாக வைத்துவிட்டு மணியை அழுத்தினேன்.

"இத்தனையையும் திரும்பப் பாக்கணும்மா," என்றேன் அவள் வந்ததும். "கோளாறு விளக்குல இல்ல. என் கண்ணுல."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தட்டைப் பார்க்கவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எந்தக் கண்ணு?"

"இடது."

"வீட்ல சொன்னீங்களா?"

"வீட்ல யாரு இருக்கா சொல்றதுக்கு, சுவருகிட்டதான் சொல்லணும்." வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் உடைந்து மானத்தை வாங்கிவிட்டது.

அவள் போனில் டார்ச்சைப் போட்டு என் முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்தாள். வட்டுக்குப் பிடிக்கிற மாதிரியே. நாலு வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில் யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. கண் கூசி நீர் கட்டியது. மூடிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"கொஞ்சம் திரும்புங்கண்ணே," என்றாள்.

திரும்பினேன்.