அமெரிக்கச் சரித்திரமும் ஒரு கோரைப்பாயும்

பாஸ்டன் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்த தேயிலையைக் கடலில் கொட்டிய கதையைப் பேச்சிமுத்து சொல்லிக்கொண்டிருந்தபோது, வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்த மொக்கம்மாளுக்கு மனசு ஆறவில்லை.

"அம்புட்டையுமா கொட்டுனாக? கொட்டுனவன் ஒருத்தனும் மலையேறிக் கொழுந்து கிள்ளியிருக்க மாட்டான். கிள்ளியிருந்தா கை வருமா?"

உள்ளே பாடம் கேட்டுக்கொண்டிருந்த மகள் ஜெபராணி சிரித்தாள். பேச்சிமுத்து சிரிக்கவில்லை. மொக்கம்மாளின் புருஷன் மேலே தேயிலைத் தோட்டத்தில் மலைக்காய்ச்சல் கண்டு செத்தவன் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் வரி, ராஜா, கோபம் என்று கிழவிக்கும் சேர்த்தே விளக்கினான். பாடம் என்னவோ மகளுக்குத்தான். ஆனால் வயசுப்பெண்ணுக்கு ஒரு வாலிபன் தனியாகப் பாடம் சொல்லித்தர வேண்டுமென்றால் கதவு திறந்திருக்க வேண்டும், வாசலில் தாய் இருக்க வேண்டும். அப்படி ஒரு மாசமாக வாசலில் இருந்தே மொக்கம்மாள் கொலம்பஸ் கப்பலேறியதிலிருந்து வாஷிங்டன் குதிரையேறியது வரைக்கும் கேட்டுவிட்டாள். கம்பம் சந்தையில் மிளகாய் வாங்கப் போன இடத்தில் நெல்லிக்காய் விற்கிறவளிடம் அதையெல்லாம் சொல்லியும் இருக்கிறாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம். மிஷன் பெண்கள் பள்ளியில் ஜெபராணி சின்ன வகுப்பு டீச்சர். அமெரிக்காவில் ஏதோ ஒரு சபையின் சீமாட்டிகள் பணம் போட்டு, இந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தியை இரண்டு வருஷம் தங்கள் ஊருக்கு அழைத்துப் படிக்க வைப்பதாக ஏற்பாடு. தேர்ந்தெடுக்க அவர்களே வருகிறார்கள். மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் இரண்டு பெண்கள் போட்டியில் இருந்தார்கள். போகிற தேசத்தைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் முதலில் கேட்பார்களாம். பள்ளியை நடத்திய வெள்ளைக்காரப் பாதிரியார் யோசித்துப் பார்த்தார். அந்தப் பள்ளத்தாக்கில் அமெரிக்கச் சரித்திரத்தை ஒழுங்காகப் படித்தவன் பேச்சிமுத்து ஒருவன்தான். மிஷன் காலேஜில் பி.ஏ. முடித்துவிட்டு, மாமனார் வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தான்.

வேலை கிடைக்காததற்குக் காரணம் ஊரறிந்தது. குற்றப்பரம்பரை என்று சர்க்கார் எழுதிவைத்த அவன் சாதியில் பிறந்த ஆண்பிள்ளை மீசை முளைத்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பத்து விரலையும் பதிய வேண்டும். திருடியிருக்க வேண்டியதில்லை. இனிமேல் திருடுவான் என்பது சர்க்காரின் நம்பிக்கை. பதிந்தவன் பொழுது விழுந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஸ்டேஷன் சாவடிக்குப் போய், கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டுப் படுத்து, விடிந்த பிறகுதான் வீட்டுக்கு வரலாம். வெளியூர் போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். பி.ஏ. படித்தவன் கையெழுத்துப் போடுகிறேன் என்றபோது ஏட்டு அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "உன் கையெழுத்தை எவன் கேட்டான்? விரலைக் கொண்டா" என்றார். அவர் கண்டிப்பெல்லாம் விரல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில்தான். அழுக்கு விரலில் ரேகை சரியாக விழாது.

பாதிரியாரிடம் அவன் கூலி கேட்கவில்லை. வேறொன்று கேட்டான். அவன் பெண்சாதி மாயக்காள் மாசமாக இருந்தாள். போன தடவை அவளுக்கு ராத்திரியில் வலி கண்டபோது இவன் சாவடியில் கிடந்தான். ஊரில் இருந்த ஆம்பளைகள் பாதிப்பேர் அங்கேதான் கிடந்தார்கள். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆளில்லை. விடிந்து இவன் வீட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். பெண்பிள்ளை. மாயக்காள் அழவில்லை, இவன் கக்கத்தில் இருந்த பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான்.

"இந்தத் தடவை நான் வீட்டில் படுக்க வேண்டும் ஐயா. அவ்வளவுதான்" என்றான். பாதிரியார் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் பேசினார். இவன் மிஷன் ஆள், நான் ஜாமீன் என்றார். பெண் தேறிவிட்டால் போர்டிங் பள்ளியில் வாத்தியார் வேலை தருவதாகவும், வேலையில் இருக்கிறவன் என்று காட்டிப் பதிவிலிருந்தே பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்பதாகவும் சொன்னார். அன்றிலிருந்து பாய் பரணில் ஏறியது. மாயக்காள் அதை எட்டாத மூலைக்குத் தள்ளிவிட்டாள்.

ஜெபராணி கெட்டிக்காரி. மிசிசிப்பி எவ்வளவு அகலம் என்றால், "நம்ம பெரியாத்துத் தண்ணிக்கு அது எத்தனை பங்கு அண்ணே?" என்று கேட்பாள். ஊரில் இருப்பதோடு ஒட்ட வைத்தால்தான் அவளுக்கு எதுவும் மண்டையில் நிற்கும். பேச்சிமுத்துவும் அப்படியே சொல்லிக்கொடுத்தான். தெற்கே பருத்தி விளைகிற சீமை, வடக்கே மில் ஓடுகிற சீமை என்று, அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் கோடு போட்டான். அதுவரைக்கும் சரியாகத்தான் போயிற்று.

அடிமைகள் பாடம் வந்தது. புத்தகத்தில் அதற்கு இரண்டே பக்கம். பருத்திக்காட்டு எஜமான் சீட்டு எழுதிக் கொடுக்காமல் அடிமை ஒருவன் தோட்டத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்க முடியாது என்றும், ராத்திரியில் குதிரைமேல் ஆட்கள் சுற்றிவந்து குடிசை குடிசையாக ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றும் வாசித்தான். வாசலில் முறம் நின்றுவிட்டது.

"அண்ணே, இது உங்களுக்கு நடக்குறதுதான?" என்றாள் ஜெபராணி.

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

பேச்சிமுத்து சாக்கட்டியை வைத்துவிட்டு அவள் முகத்தை நேராகப் பார்த்தான். "இந்தா பாரு தங்கச்சி. அந்தம்மாக்க இதைப் பத்திக் கேட்டாகன்னா, லிங்கன் விடுதலை குடுத்தாருன்னு சொல்லு. ரொம்பப் பெரிய காரியம்னு சொல்லு. அதோட நிறுத்திக்க. இங்கன நடக்குறதை அங்கன இழுக்காத. எனக்காகச் சொல்றேன்."

அவள் தலையாட்டினாள். மொக்கம்மாள்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஏன் தம்பி, சொன்னா என்ன? நம்ம சொன்னா எவன் கேக்குறான்? வெள்ளைக்காரவுக காதுல போட்டா, அவுக இந்த வெள்ளைக்காரவுக கிட்டச் சொல்லிற மாட்டாகளா? ஒரே சாமியக் கும்புடுறவுகதான?"

அவன் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

சீமாட்டிகள் வந்த அன்று மிஷன் பங்களாவில் தடபுடல். முகாம் வந்திருந்த ஜில்லா போலீஸ் துரையும் தேநீருக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். மரியாதைக்காகக் கூப்பிட்டது, மறுக்காமல் வந்துவிட்டார். பேச்சிமுத்து வெளியே வேப்பமரத்தடியில், ஜன்னலுக்குப் பக்கமாக நின்றான். மற்ற இரண்டு பெண்களும் பேசி முடித்துப் போனார்கள். ஜெபராணியின் குரல் முதலில் நடுங்கியது, பிறகு நிலைத்தது. தேயிலையைச் சொன்னாள், சட்டசபையைச் சொன்னாள், மாகாணங்களை வரிசை பிசகாமல் சொன்னாள். மூத்த சீமாட்டி மகிழ்ந்துபோய், எங்கள் சரித்திரத்தில் உன் மனசைத் தொட்டது எது என்று கேட்டாள். புத்தகத்தில் இல்லாத கேள்வி.

ஜெபராணி அடிமைகளின் சீட்டைப் பற்றிச் சொன்னாள். குதிரை ஆட்களைச் சொன்னாள். "உங்கள் தேசத்தில் அது முடிந்துவிட்டது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் இந்த ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். அவர் ஒரு குற்றமும் செய்ததில்லை. அவர் வீட்டில் படுக்க வேண்டுமானால் இன்னொருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அவருடைய முதல் குழந்தை அவர் இல்லாத ராத்திரியில் செத்தது. நீங்கள் இதைக் கேட்க வேண்டும் என்றுதான் நான் இங்கிலீஷ் படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது" என்று இங்கிலீஷில் ஒரு பிழையில்லாமல் சொன்னாள்.

பேச்சிமுத்துவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை நினைத்து அவன் பிற்பாடு வெட்கப்பட்டான். ஒரு வாத்தியானின் சந்தோஷம் அது. நான் சொல்லிக்கொடுத்த பெண் எப்படிப் பேசுகிறாள் பார் என்று நெஞ்சு விம்மியது. உள்ளே ஒரு சீமாட்டி மூக்கை உறிஞ்சினாள். அதற்குப் பிறகுதான் போலீஸ் துரை கோப்பையைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே அவர் எட்டிப் பார்த்தார். மரத்தடியில் நின்றவன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

ஜெபராணியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாரைத் தேர்ந்தெடுப்பார்கள்?

மறுநாள் காலையில் பாதிரியார் கூப்பிட்டனுப்பினார். முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல், மேஜைமேல் இருந்த வேதபுத்தகத்தை நேராக்கி நேராக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"பேச்சிமுத்து, நான் இந்தத் தேசத்தில் விருந்தாளி. அரசாங்கக் காரியத்தில் தலையிடேன் என்று வாக்குக் கொடுத்தபடியினாலே இங்கே வாசம்பண்ணுகிறேன். நான் உம்மைக்கொண்டு அவளுக்கு ராஜாங்க விரோதம் கற்பித்தேன் என்று துரை நினைக்கிறார். பள்ளிக்கூடத்தையே மூடச் சொன்னால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்ன ஆவார்கள்?"

"ஜாமீன், ஐயா?"

"அதை நான் விலக்கிக்கொள்ளும்படி ஆயிற்று."

"வீட்டுல அவளுக்கு இது நாள். இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா."

"உமக்காக ஊக்கமாய் ஜெபிப்பேன்" என்றார் பாதிரியார். அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யாகக் கலங்குகிற மனுஷர் இல்லை. அதுதான் பேச்சிமுத்துவுக்குத் தாங்கவில்லை. நல்லவர் ஒருவர் கையை விரித்துவிட்டால் அதற்கப்புறம் யாரிடம் போய் நிற்பது?

திரும்பி வரும் வழியில் ஏட்டு சைக்கிளை நிறுத்தினார். "ஏலே வாத்தியாரு, அமெரிக்காவெல்லாம் சுத்திட்டு வந்துட்டியா? சாயந்தரம் பாயைத் தூக்கிட்டு வந்துரு. பொழுது விழுந்து வந்தா கேஸ்தான்."

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது சீக்கிரம் விழும். மேற்கு மலை சூரியனை முழுங்கிவிட்டால் வானத்தில் வெளிச்சம் இருந்தாலும் தரையில் நிழல்தான். ஏட்டுக்குத் தரைதான் கணக்கு. அந்த நிழல் வாய்க்காலைத் தாண்டிக்கொண்டிருந்தபோது ஜெபராணியும் மொக்கம்மாளும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து சேர்ந்தார்கள். விடிந்ததும் சீமாட்டிகளோடு மதுரைக்குக் கார். அங்கிருந்து கப்பலுக்கு. பேச்சிமுத்து வாசலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே அடுப்படியில் மாயக்காள் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மத்தியானத்திலிருந்தே விட்டு விட்டு வலி.

"அண்ணே, நீங்க சொன்னதைக் கேக்கல. கோவமா?" ஜெபராணியின் முகம் பூரித்துக் கிடந்தது. "சொல்லாமப் போயிருந்தா எனக்குத் தூக்கம் வந்திருக்காது. அந்தம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாக. துரையும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தாரு. இனி உங்க பேரை எடுத்துருவாகல்ல?"

"எடுத்துருவாக" என்றான் பேச்சிமுத்து.

"நான் சொன்னேன்ல" என்றாள் மொக்கம்மாள், பெருமையாக.

நிழல் களத்துமேட்டில் ஏறியது. அவன் எழுந்திருக்கவில்லை. விடிந்தால் கடல் கடந்து போகிற பெண்ணின் தலையில் இதைத் தூக்கி வைத்து அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. அங்கே குளிர் அதிகம், கம்பளி வாங்கிக்கொள் என்றான். தனியாகப் படித்துப் பழகிவிட்டாய், வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்க வெட்கப்படாதே என்றான். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். தெருவில் பக்கத்து வீட்டு ஒச்சாண்டி பாயோடு போனான். பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். போகிறவர்கள் இவன் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. மாயக்காள் முக்காலியை இழுத்துப் போட்டு, நிறைவயிற்றோடு ஏறி, பரணின் மூலையில் தான் தள்ளிவைத்த கோரைப்பாயை எடுத்துக்கொண்டு வந்தாள். அதை வாசல் நிலையில் சாய்த்து வைத்துவிட்டு, "கெளம்புங்க. கேஸைப் போட்டுறப் போறாக" என்றாள். அவ்வளவுதான் பேச முடிந்தது. வலி அவளை மடக்கித் தரையில் உட்கார வைத்தது.

ஜெபராணி பாயைப் பார்த்தாள். தெருவில் போகிறவர்களின் கக்கத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் முன்பே ஒருதரம் வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறான்.

"ஆத்தா," என்றான் மொக்கம்மாளிடம், "இன்னைக்கு ராத்திரி மட்டும் இவகூட இங்கன இருப்பீகளா?"

கிழவி வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். ஜெபராணி அசையவில்லை. "அண்ணே" என்றாள்.

பேச்சிமுத்து பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். பின்னால் மாயக்காளின் குரல் ஒருமுறை உயர்ந்து அடங்கியது. திரும்பிப் பார்த்தால் கால் போகாது என்று தெரிந்து நடந்தான். தரையில் எங்கும் வெயில் இல்லை. காலையில் பாதிரியார் கூப்பிட்டதற்கு முன் பழக்கதோஷத்தில் பாடம் நடந்த பலகையைத் துடைத்துவிட்டு வந்திருந்தான். சாக்கட்டிப் பொடி இன்னும் விரலில் ஒட்டியிருந்தது. முன்னால் போகிறவர்களோடு சேர்ந்துகொள்ள எட்டி நடந்தபடியே, வலது கட்டைவிரலை வேட்டியில் அழுத்தித் துடைத்தான், ரேகை தெரிகிறவரைக்கும்.