மேடையில் வராத படகுக்காரன்

...நிலத்தைப் பிரித்துக் கொடுத்தாயிற்று, ஆலைகளும் கைமாறிவிட்டன, ஆனால் மேடையில் இன்னும் மந்திரி மகன்கள்தானே உலாவுகிறார்கள், வயிறு நம்முடையது, மண்டை மட்டும் அவர்களுடையதா... ஷாங்காய் வெயிலில் அரங்கத்தை நோக்கி நடந்த சுயுனுக்குக் கம்யூனிஸ்ட் கட்சி சொன்ன இந்த வாதம் புதிதாகப் படவில்லை, தொண்டையில் வெகுகாலமாகக் குத்திக்கொண்டிருந்த முள்ளை யாரோ எடுத்துப்போட்டது போலிருந்தது. படகுக்காரன் மகள் அவள், சின்ன வயதிலேயே பெண்கள் மட்டும் நடிக்கும் பாட்டு நாடகக் குழுவுக்கு விற்கப்பட்டவள், பட்டு அங்கியும் விசிறியுமாக எத்தனை சீமான் வீட்டு இளைஞர்களாக நடித்திருப்பாள், அந்தக் கதைகளில் படகுக்காரன் எதற்கு வருவான், உதை வாங்கிச் சிரிக்க வைக்கத்தானே, அப்பாவைப் பார்த்து ஊரே சிரித்ததை அவளும் பாடிப் பாடி வளர்க்கவில்லையா... போதும், இன்றைய கண்டனக் கூட்டத்தில் பேசியே தீரவேண்டும், அதுவும் யாச்சினைப் பற்றி. இத்தனை வருடம் அவளுக்கு ஜோடியாக நாயகி வேடம் கட்டிய யாச்சின், கட்சி எரிக்கச் சொன்ன பழைய நாடக உடைகளை எரிக்க மாட்டேன் என்றவள். காலையில் தண்ணீர்க் குழாயடியில் கொஞ்சமாவது பயந்தாளா? "என்னப் பத்தி என்ன வேணா பேசிக்கோ சுயுன். ஆனா நூல் ஆலைப் பொம்பளைங்க தலையெல்லாம் பஞ்சோட ஓடி வந்து நம்ம நாடகத்துக்கு அழுதாங்களே, அது எந்த ராஜாவுக்காகடி?" "ஏமாந்துபோய் அழுதாங்க." "அப்படியா? அதையும் மேடையில சொல்லு. வெயில் ஏறுறதுக்குள்ள போ, குரல் கட்டிக்கும்."

சொன்னாள். குறிப்பே இல்லாமல், கடைசி வரிசை வரை குரல் போக, பாட்டு யார் கையிலோ கனவும் அவர்கள் கையில், பழைய முதலாளி போனாலும் பழைய ரசனை இருந்தால் நமக்குள்ளேயே புது முதலாளி முளைப்பான், இதோ யாச்சின் கட்டிக்காப்பது பட்டு உடைகளை அல்ல, பழைய எஜமானர்களை... காரணங்கள் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு வந்தன, ஒன்றுகூடத் தடுக்கவில்லை, கட்சிப் படையாய்த் திரண்டிருந்த மாணவர்கள் முஷ்டியை உயர்த்திக் கத்தினார்கள், "நீங்க அழுதது ஏமாந்த அழுகை!" என்று முன்வரிசையைப் பார்த்து முடித்தாள். அங்கே ஆலைப் பெண்கள். கைதட்டவில்லை, கோபப்படவும் இல்லை, ஒருத்தி மட்டும், தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்லும் விருந்தாளியைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தாள். புரியவில்லை இவர்களுக்கு, புரியும், மெல்ல விளக்குவோம், இவர்களுக்காகத்தானே இவ்வளவும், இவர்கள்தானே வர்க்கம், வாதத்தில் ஓட்டையே இல்லை... மேடையோரம் நிறுத்தியிருந்த யாச்சினை மாணவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள், அந்த ஆலைப் பெண் எழுந்து வழிவிட்டாள், தலை குனிந்தே நின்றாள், ஏன் அழுதீங்க என்று இவர்களிடம் ஒரு தடவையாவது நாம் கேட்டோமா...