ஒருபோதும் தவறாத ஜீப்

கூடலூரிலிருந்து குமுளிக்கு அடுத்த ஜீப் எப்போது கிளம்பும் என்று கேட்டால் பதில் சொல்கிற கம்ப்யூட்டர் நிரல் ஒன்றை ஓய்வு பெற்ற பிறகு எழுதினேன். அதைக் கண்டு மேற்குத் தொடர்ச்சி மலையே ஒரு அங்குலம் நகர்ந்து உட்கார்ந்தது. மற்றவர்களும் தங்கள் செயலிகளில் இணைத்துக்கொள்ளட்டும் என்று அதை ஏபிஐயாகத் திறந்து விட்டேன். எதைக் கேட்கலாம், என்ன பதில் வரும் என்று நிரலில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு மேலேயும் விளக்கமாகக் கமெண்ட் எழுத வேண்டுமல்லவா? எழுதினேன், கல்யாணப் பத்திரிகை மாதிரி. சுற்றிலும் நட்சத்திர பார்டர். நடுவில், ‘ஜீப் கிளம்பும் நேரத்தைத் தரும். இமைப்பதற்குள் தரும். ஒருபோதும் தவறாது.’

அதை அப்படியே நம்பிய ஒரே ஆள் எங்கள் ஊர்ப் பையன் வேல்பாண்டி.

அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் உள்ளதைக் கம்ப்யூட்டர் வாசிக்க வாசிக்க, காதால் கேட்டுத்தான் நிரல் எழுதுவான். திங்கட்கிழமை மதுரையில் ஒரு கம்பெனியில் நேர்காணல். சொந்தமாகச் செய்த செயலியை இயக்கிக் காட்ட வேண்டும். என் ஏபிஐயை வைத்து, ஜீப் நேரத்தைக் குரலில் சொல்லும் செயலியைச் செய்திருந்தான்.

சனிக்கிழமை காலையில் லேப்டாப்போடு வந்து நின்றான்.

“சார், உங்க ஏபிஐ என்னைய நடுரோட்டுல நிறுத்திருச்சு.”

“வாய்ப்பே இல்லலே. உலகமே அழிஞ்சாலும் அது பதில் சொல்லும்.”

“ஸ்டாண்டுல நின்னு கேட்டேன். சத்தமே வரல. செல்லு செத்துருச்சோன்னு உலுக்கிக்கிட்டு இருந்தேன், ஜீப்பு போயிருச்சு. நேர்காணல்ல இப்படி ஊமையாயிருச்சுன்னா என் கதி?”

“பதில் வராட்டி என்ன சொல்லணும்னு நீ எழுதலையா?”

“எதுக்கு எழுதணும்? ஒருபோதும் தவறாதுன்னு நீங்கதான போட்டிருக்கீக.”

லேப்டாப்பைத் திறந்து என் கமெண்டை ஓட விட்டான். “ஸ்டார் ஸ்டார் ஸ்டார் ஸ்டார்…” காபி ஆறி ஐஸ்கட்டியாகும் வரை ஓடியது.

“பட்டப்பகல்ல யாரு அங்கன நட்சத்திரம் எண்ணுறது?” என்றாள் அடுப்படியிலிருந்து என் மனைவி ஆரோக்கியம்மாள்.

ஜீப்புக்கு ஏது நேரம்? ஆள் நிறைந்தால் கிளம்பும். ஸ்டாண்டில் ஆள் ஏற்றிவிடும் கோட்டைச்சாமி, ஏறுகிறவர்களை எண்ணிச் செல்லில் தட்டி விடுவார். அதைக் கொண்டு என் நிரல் குத்துமதிப்பாக ஒரு நேரம் சொல்லும். அவர் டீ குடிக்கப் போய்விட்டால் பதில் வெறுமையாக வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அதனாலேயே எழுதத் தோன்றவில்லை. செல்லில் ஒன்றும் வராவிட்டால் மற்றவர்கள் தலையை நிமிர்த்தி ஜீப்பைப் பார்த்துக்கொண்டார்கள். நான் எழுதாமல் விட்ட பாதியை அவர்கள் கண்கள் நிரப்பியிருக்கின்றன. அதை என் திறமை என்று நினைத்திருந்தேன்.

“எழுதுங்க சார், நான் கேக்குறேன்.”

நட்சத்திரங்களை அழித்தேன். ‘ஜீப் கிளம்பும் உத்தேச நேரத்தை இணையற்ற வேகத்தில்…’

“இணையற்ற எதுக்கு சார்?”

“அழகுக்குலே.”

“அழகு கெடக்கட்டும். வெறுமை வந்தா ஜீப்பு போயிருச்சுன்னு அர்த்தமா, நிக்கிதுன்னு அர்த்தமா?”

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. நான்கு வாக்கியம் எழுத நான்கு யுகம் ஆயிற்று.

‘ஜீப் கிளம்பும் உத்தேச நேரத்தைத் தரும். ஜீப்புக்கு நிலையான நேரம் கிடையாது, ஆள் நிறைந்ததும் கிளம்பும். ஸ்டாண்டிலிருந்து எண்ணிக்கை வராதபோது வெறுமையைத் திருப்பித் தரும். வெறுமை வந்தால் ஜீப் இல்லை என்று பொருளல்ல.’

கம்ப்யூட்டர் அதை ஒரே மூச்சில் வாசித்தது. வேல்பாண்டி தலையாட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தன் நிரலைத் திருத்தினான்.

திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது.

“சார், நான் இயக்கிக் காமிச்ச நேரம் பாத்து கோட்டைச்சாமி அண்ணே டீக்குப் போயிட்டாக.”

“அய்யய்யோ!”

“‘நேரம் இப்போது தெரியவில்லை. ஜீப் நிற்கலாம், பக்கத்தில் விசாரிக்கவும்’னு சொல்லுச்சு. தெரியாதத இவ்வளவு தெளிவா எப்படிச் சொல்லுதுன்னு கேட்டாக. உங்க கமெண்ட்ட வாசிச்சுக் காமிச்சேன்.”

“வேலை என்னாச்சுலே?”

“அடுத்த மாசம் சேரச் சொல்லிட்டாக சார்.”

தான் டீ குடித்ததால்தான் வேல்பாண்டிக்கு வேலை கிடைத்தது என்று கோட்டைச்சாமி குமுளி வரை சொல்லிக்கொண்டு திரிகிறார். கமெண்டில் அதற்கும் ஒரு வரி வேண்டுமாம். கை துறுதுறுத்தது. ஆனாலும் நான் சேர்க்கவில்லை.