கருகிப் போச்சு என்று நினைத்தேன்

என் மகள் உலகம்மாள் பயிற்சிக்குப் போயிருந்த இரண்டு மாதத்தில் நான் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, அவளுடைய செடியைக் காப்பாற்றினேன். இன்னொன்று, அவளுக்கு வந்த கடிதத்தை ஒளித்து வைத்தேன். இரண்டும் அவள் நல்லதுக்குத்தான். சும்மா இருக்க எனக்கு வராது.

முதலில் செடியைச் சொல்கிறேன். எண்பத்து மூன்றாம் வருஷம் குற்றாலச் சீசனில், ஐந்தருவி போகிற வழியில், செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மலையாளத்துக்காரர் ஒருவர் சாக்கை விரித்துச் செடி விற்றார். மற்றப் பெண்கள் ரோஜாவும் குரோட்டன்ஸும் வாங்கினார்கள். இவள் உள்ளங்கை அகலத்தில் ஒன்றை எடுத்தாள். தடித்த இலைகள், தாமரை மாதிரி அடுக்கடுக்காக. நிறம் மட்டும் நாவல்பழக் கருப்பு. வாசம் கீசம் ஒன்றும் கிடையாது.

"இதையா வாங்குன?" என்றேன்.

"பாத்ததும் பிடிச்சிட்டு" என்றாள்.

மணலும் செங்கல் தூளும் கலந்து மண்சட்டியில் நட்டு, மொட்டைமாடிச் சுவர்மேல் வைத்தாள். மண் நன்றாகக் காய்ந்தால்தான் தண்ணீர். சாரல் விழுந்தால் ஓடிப்போய்த் தகரக் கூரைக்கு அடியில் நகர்த்துவாள்.

அவளும் கருப்புதான். என் வீட்டுக்காரர் குற்றாலிங்கம் ஆலங்குளம் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு. அவர் நிறம் அப்படியே வந்துவிட்டது. மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்றார்கள். ஒருத்தரும் எழுதவில்லை. மூன்று தடவையும் நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை. செடி வளர்க்கிற அரசாங்க நர்சரி வேலைக்கு மனுப் போட்டாள். பெரியகுளத்தில் இரண்டு மாதப் பயிற்சி, அது முடிந்ததும் குற்றாலத்திலேயே வேலை. நாள் முழுக்க வெயிலில் நிற்கிற வேலை.

பங்குனிக் கடைசியில் அவள் கிளம்பிப் போனாள். சித்திரையில் வற்றல் காயப்போட மாடிக்கு ஏறினேன். செடி முன்பைவிடக் கருத்துக் கிடந்தது. ஐயோ, பிள்ளை இல்லாத நேரத்தில் கருகிப் போச்சே என்று பதறிவிட்டேன். கீழே கொண்டுவந்து அடுப்படி மூலையில் வைத்து, தினமும் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினேன். ஒரே மாதத்தில் பச்சை வந்துவிட்டது! தண்டும் விரல் நீளத்துக்கு வளர்ந்தது. தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கூப்பிட்டுக் காட்டினேன்.

மே கடைசியில் அவள் பேருக்கு நர்சரியிலிருந்து கடிதம் வந்தது. நான் அஞ்சாம் வகுப்பு, எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். ஜூன் இருபதுக்குள் வேலையில் சேர வேண்டும் என்று இருந்தது. அதே வாரம் தரகர் பலவேசம் அண்ணாச்சியும் வந்தார்.

"மாப்பிள்ளைக்குக் கடையநல்லூரு. ஆனி கடைசியில பாக்க வருதாங்க. பிள்ளைய ஒரு மாசம் வெயில் படாம வைங்க மதினி. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

கடிதத்தை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். இருபதாம் தேதி தாண்டிவிட்டால் வேலைப் பேச்சே இல்லை.

பயிற்சி முடிந்து வந்த உலகம்மாள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, செடியைப் பார்த்துவிட்டாள். "எம்மா, இத என்ன செஞ்ச?"

"கருகிப் போய்க் கெடந்துதுட்டி. நாந்தான் காப்பாத்துனேன்."

"இது கருகலம்மா. இதுக்கு நிறமே அதுதான். வெயில் பட்டாத்தான் அந்த நிறம் நிக்கும். நிழல்ல வச்சா வெளிச்சத்தத் தேடி இப்படி நீளும். பெறவு தாங்காமச் சாஞ்சிரும்."

அடி இலையைத் தொட்டேன். கொழகொழவென்று கையோடு வந்தது. அவள் பிளேடால் தலையை மட்டும் அறுத்து, வெட்டுவாய் காயட்டும் என்று நாலு நாள் பேப்பரில் வைத்திருந்தாள். பிறகு காய்ந்த மணல்மேல் உட்கார வைத்தாள்.

"தண்ணி?"

"வேர் விடுத வரைக்கும் ஒண்ணும் ஊத்தாத. சும்மா விடும்மா."

எனக்குச் சுருக்கென்றது. "லெட்டர் ஏதும் வந்துச்சா?" என்றாள். "வரல்ல" என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்பாள். "வெயில்ல நிக்காத ஏட்டி" என்று உள்ளே இழுப்பேன். கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் குழைத்து முகத்தில் அப்புவேன். எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறவள், மறுபேச்சில்லாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இருபதாம் தேதி போயிற்று. நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இருபத்திரண்டு காலையில், மாவு பூசிய முகத்தோடு அவள் சொன்னாள். "நாலாவது எடமும் என்னை வேண்டாம்னுட்டும்மா."

கடிதம் போடாத அரசாங்கத்தைத் திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்டாள். அந்த நாலாவது இடம் நான்தான். எழுந்துபோய்ப் பானைக்குள் கைவிட்டுக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

படித்தாள். திட்டவில்லை. முகத்தைக் கழுவிச் சேலை மாற்றினாள். "நானும் வாரேன்" என்று பின்னாலேயே பஸ் ஏறினேன்.

நர்சரியில் அதிகாரி பால்வண்ணநாதன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு நாள் தாண்டிட்டே. என்ன காரணம்?"

"தபாலு பிந்தி வந்து..." என்று ஆரம்பித்தாள். இவ்வளவுக்குப் பிறகும் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள்.

"இல்ல சார்" என்றேன். "நாந்தான் ஒளிச்சு வச்சேன்."

"எதுக்கும்மா?"

வேலையாட்கள் நாலைந்து பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். நிறம் கொஞ்சம் கம்மி, மாநிறம், களையான முகம் என்றெல்லாம் ஊரில் சொல்லியிருக்கிறேன். கருப்பு என்கிற வார்த்தையை அவள் காதுபட ஒருநாளும் சொன்னதில்லை.

"வெயில்ல நின்னா இன்னும் கருத்துருவான்னு சார்."

அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "இதையே எழுதிக் குடுங்க. இன்னைக்கே சேரட்டும். மேல நான் பேசிக்கிடுதேன்." எழுதினேன். இப்படிக்கு வடிவம்மாள் என்று முடித்தேன்.

வெளியே வந்தோம். சாரல் விட்டு வெயில் அடித்தது. அவள் செடிப் பாத்திகளைப் பார்த்து நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள்.

"எம்மா, வேண்டாம்னு போன மூணு வீட்டையும் நான் மறந்துட்டேன். அவங்க யாரோதான? ஒன்னைய எப்படி மறக்கன்னுதான் தெரியல."

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் அஞ்சு மணி வரைக்கும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.