அடைத்த மூக்கும் பதினேழு மூட்டையும்

சித்தூர் கடலை மண்டியில் ஏகாம்பரத்துக்கு மூக்குதான் வேலை. இருபது வருஷம் மூட்டை தூக்கிக் கழுத்தெலும்பு தேய்ந்த பிறகு, முதலாளி மோகன்ராஜ் அவன் கையில் சாக்பீஸைக் கொடுத்து உட்கார வைத்தார். மூட்டையிலிருந்து ஒரு கை கடலையை அள்ளி, உடைத்து, மோந்து பார்க்க வேண்டும். நல்ல சரக்கென்றால் வட்டம். பூசணம் பிடித்து மக்கல் வாடை அடித்தால் பெருக்கல் குறி.

இரண்டு வருஷமாக அவனுக்கு எந்த வாடையும் வரவில்லை. மூக்கு இரண்டும் அடைப்பு, கண்ணுக்குப் பின்னால் குடைச்சல். சொன்னால் மறுபடி மூட்டை தூக்க வைத்துவிடுவார்களே என்று வாயைத் திறக்கவில்லை. மோந்தான், தலையாட்டினான், வட்டம் போட்டான். மற்ற மண்டிகள் தள்ளிய சரக்கெல்லாம் இங்கே வந்து சேர, வியாபாரம் கொழித்தது. "இந்த ஜில்லாவுலயே இப்படி ஒரு மூக்கு கெடையாது" என்று முதலாளி அவனுக்கு மாலை போட்டார். சாமந்தி என்று கண்தான் சொன்னது.

மூச்சே முட்டியபோது மனைவி சுந்தரம்மா அவனைத் திருப்பதிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் கீர்த்தி ஸ்கேனைக் காட்டினார். சைனஸ் முழுக்கச் சதை வளர்ச்சி, நடுவில் அரைத்த கடலை விழுது போலச் சளி.

"பூஞ்சை துளிதாங்க இருக்குது. எல்லாரும்தான் அத தெனம் சுவாசிக்கிறோம், ஒண்ணும் ஆகறதில்ல. இவர் உடம்புக்குத்தான் ஆகல. எறும்பு வந்ததுக்கு வீட்டையே இடிச்சிக்கினு இருக்குது."

"எறும்ப கொன்னுட்டா போதாதா, மேடம்?" என்றாள் சுந்தரம்மா.

"அது வந்துக்கினேதான் இருக்கும். உடம்பத்தான் சமாதானப்படுத்தணும்."

ஆபரேஷன் நடந்தது. தினமும் உப்புத்தண்ணீரில் மூக்கைக் கழுவி மருந்து அடித்தான். மூன்றாம் வாரம், பள்ளிக்கூடத்தில் கொடுத்த கடலை மிட்டாயை மகள் பிரியங்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தாள். சுருக்கென்று ஏறியது மக்கல் வாடை. ஏகாம்பரம் அதைப் பிடுங்கினான். மிட்டாய் கம்பெனிக்குப் போனதெல்லாம் அவன் வட்டம் போட்ட மூட்டைகள்.

"இன்னா நைனா, நீ துன்னப் போறியா?"

அவன் அதை அடுப்பில் போட்டான்.

மறுநாள் இருபது மூட்டையில் பதினேழுக்குப் பெருக்கல் குறி விழுந்தது. மோகன்ராஜ் ஓடி வந்தார்.

"இன்னாப்பா இது? ஆபரேஷன்ல மூக்க கெடுத்துட்டாங்களா?"

"இப்பத்தான் சரியாச்சி, மொதலாளி."

"பூஞ்சை துளிதான், உடம்புதான் ஓவரா பண்ணுதுன்னு டாக்டரம்மா சொன்னத நீதான சொன்ன? இதுலயும் துளிதான். துன்றவன் உடம்பு சமாதானமா போவட்டும்."

"எம் பொண்ணு துன்றா."

மோகன்ராஜ் குனிந்து துண்டால் ஒரு குறியை அழித்தார். ஏகாம்பரம் அதே இடத்தில் மறுபடி போட்டான். கட்டைவிரல் நீளச் சாக்பீஸ்தான். அதற்கு முதலாளியின் கண் சிவந்தது, மூக்கு விடைத்தது. மேஸ்திரி, டிரைவர், கணக்குப்பிள்ளை என்று மொத்தப் படையும் திரண்டது. சாக்பீஸ் டிரைவர் கைக்குப் போனது. அவனுக்கு நாலு நாளாகக் கடும் ஜலதோஷம்.

ஏகாம்பரத்தின் கைக்கு மூட்டைக் கொக்கி வந்தது. முதல் மூட்டை கழுத்தில் இறங்கியதும் எலும்பு கத்தியது. வாடை நேராக மூக்கில் ஏறியது. அவன் சரக்கு ஏற்ற நின்ற லாரியைத் தாண்டி நடந்து, கழிவு மூலையில் அதைப் போட்டுவிட்டு, அடுத்த மூட்டைக்குத் திரும்பினான்.